மூக்குப் போன தலைவர்கள்

திருத்தங்கல் கொடிக்கம்பத் தகராறில் தன் தம்பியின் மண்டை உடைந்ததிலிருந்து, முனியராஜ், அச்சகத்தில் தன்னோடு வேலை பார்க்கும் சின்னச்சாமியோடு பேசுவதில்லை. உடைத்தது சின்னச்சாமியின் கட்சிக்காரர்கள்.

சின்னச்சாமி போஸ்டர் அடிப்பார், முனியராஜ் அடுக்குவான். "மை காயலலே, பொறு" என்று எப்போதும் சொல்கிறவர் ஒருநாள் வாய் திறக்கவில்லை. இவனும் கேட்கவில்லை. அவ்வளவு வீம்பு! இரண்டு கட்சிப் போஸ்டர்களும் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொண்டன. பிய்த்துப் பார்த்தால், இரண்டு தலைவர்களுக்குமே மூக்கைக் காணோம்.

முதலாளியம்மா இருவரையும் காய்ச்சி எடுத்துவிட்டுப் போனார். முனியராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சின்னச்சாமிக்கும்தான்.

மெஷின் மறுபடி ஓடியது.

"அண்ணே, அடுக்கலாமா?"

"பொறுலே" என்றார் சின்னச்சாமி. பிறகு, ஈரத்தாளைப் பார்த்தபடியே கேட்டார்: "ஒன் தம்பிக்குத் தையல் பிரிச்சாச்சா?"