மேல்தளத்தில் மூன்று போர்வைகள்

விஜயன் வீட்டார் கப்பல் ஏறினால் யாராவது ஒருவர் ஏமாற வேண்டும். அந்தமானிலிருந்து சென்னைக்குப் போகிற மூன்று நாள் பயணங்களில் பொழுது போகாமல் தொடங்கிய பழக்கம் அது. டீயில் உப்பு, செருப்பில் தேங்காய் எண்ணெய், தூங்குகிறவர் முகத்தில் கண்மை மீசை. ஏமாந்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். விஜயனைக் கட்டிக்கொண்டு வந்த இருபத்தைந்து வருடத்தில், அந்தச் சட்டத்தைத் தனக்கென்றே போட்டார்களோ என்று சுகுணாவுக்குத் தோன்றியதுண்டு. அதிகம் ஏமாந்தது அவள்தான்.

இந்த முறை ஏறியது அரசாங்கக் கப்பல் இல்லை. நீச்சல்குளம் வைத்த சுற்றுலாக் கப்பல். போர்ட் பிளேரில் கிளம்பி, ஹேவ்லாக் அருகே நங்கூரம் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் திரும்பும். அண்ணன் விஜயன் துறைமுகப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றதற்குத் தன் விருந்து என்று சொல்லி, டிராவல்ஸ் வைத்திருக்கும் கொழுந்தன் சுரேந்தர் டிக்கெட் போட்டிருந்தான்.

விருந்துக்குப் பின்னால் ஒரு கடை இருந்தது. போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில், குடும்பத்துப் பெரியவர் முருகையா மாமாவின் கடை காலியாகியிருந்தது. அங்கே மெஸ் வைக்க வேண்டும் என்று சுகுணா கேட்டிருந்தாள். தன் டிராவல்ஸுக்கு வேண்டும் என்று சுரேந்தரும் கேட்டிருந்தான். திங்கட்கிழமை சாவி கொடுப்பதாக மாமா சொன்னார். யாருக்கு என்று சொல்லவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள் என்று விஜயனிடம் கேட்டால், "பாக்கலாம்" என்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

முதல் நாள் மதியம் அறையில் போன் அடித்தது. கப்பல் அதிகாரி என்று ஒரு கனத்த குரல். எல்லாப் பயணிகளும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உடனே சாப்பாட்டுக் கூடத்துக்கு வர வேண்டும் என்று இந்தியில் சொன்னது. சுகுணா மாட்டிக்கொண்டு போனாள். கூடமே திரும்பிப் பார்த்தது. அவளைத் தவிர யாரும் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. மூலை மேசையிலிருந்து சுரேந்தர் கை தட்டிக்கொண்டு எழுந்தான்.

"அண்ணி உல்லு பன் கயா. ஏமாந்தாச்சு!"

எடுத்த வீடியோவை உடனே குடும்ப குரூப்பில் போட்டான். 'நம்ம மெஸ் ஓனரம்மா' என்று கீழே எழுதினான். அந்த குரூப்பில் முருகையா மாமாவும் இருக்கிறார். சுகுணாவும் சேர்ந்து சிரித்தாள். சட்டம் அப்படி.

சாப்பிடும்போது விஜயன் சொன்னார்: "போன்ல பேசுறது சொந்தக் கொழுந்தன்னு தெரியல. மார்க்கெட்ல மீன்காரன் உன்னையே வித்துட்டுப் போயிருவான். நீ மெஸ் நடத்தப்போற."

சாப்பாடு முடிந்ததும் சுரேந்தர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "கோவமா அண்ணி? சரி, இது நெசம். நாளைக்கு விடியறதைப் பாக்கணும்னா மேல் டெக்ல எடம் புடிக்கணும். மெயின்லேண்ட்காரங்க அஞ்சு மணிக்கே வந்துருவாங்க."

"இந்தக் கப்பல்லயுமா எடம் புடிக்கணும்?"

"கப்பல்னா கப்பல்தானே."

அவள் நம்பினாள். வேறு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சுகுணா கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து அங்கே பால் வெட்டியவர்கள் அவளுடைய அம்மாவும் அப்பாவும். ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ போர்ட் பிளேர் வர வேண்டுமானால் நிக்கோபார் கப்பலின் தளத்தில்தான் கிடக்க வேண்டும். முதலில் போர்வையை விரித்தவருக்கு அந்த இடம். கரை சேரும்வரை அது அவர் வீடு. அடுத்த போர்வைக்காரர் சாப்பிடும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார்கள், அதுதான் சுவர். கயிறு தூக்கி வரும் கலாசிகூட ஒருவர் போர்வையை மிதிக்காமல் சுற்றித்தான் போவான்.

மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு அவள் மேலே போனபோது தளம் காலியாக இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மூன்று போர்வைகளையும் கிழக்குப் பார்த்து நட்டநடுவில் விரித்தாள். மூலைகளில் தண்ணீர் கேனையும் பைகளையும் வைத்தாள். கப்பல் சோற்றை நம்பி ஏறும் பழக்கம் அவளுக்கு இல்லை. புளிச்சோற்றுத் தூக்கை மடியருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்கு வெளிச்சம் வந்தது. கூடவே முப்பது பேர் சுருட்டிய பாய்களோடு வந்தார்கள். சீருடை போட்ட பெண் ஒருத்தி குனிந்து, "ஆன்ட்டி, யஹாங் யோகா ஹோகா, ப்ளீஸ்" என்றாள். இங்கே யோகா நடக்குமாம். யாரோ சிரித்தார்கள். ஒருவன் தூக்குச்சட்டியையும் சேர்த்துப் படம் எடுத்தான். நீச்சல்குளத்துப் பக்கமிருந்து சுரேந்தர் போனை நீட்டிப் பிடித்தபடி வந்தான். அவனுக்குப் பின்னால் தூக்கம் கலையாத முகத்தோடு சுகுணாவின் மகள் திவ்யா.

சுகுணாவுக்கு விளங்கிவிட்டது. போர்வையின் ஒரு மூலையைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி எழுந்தாள். பிறகு அந்த மூலையைத் திரும்பவும் விரித்து, நீவிவிட்டு, உட்கார்ந்துகொண்டாள்.

"முடிஞ்சுது அண்ணி. எந்திரிங்க," என்றான் சுரேந்தர்.

"விரிச்சாச்சு."

"தமாஷுக்குச் சொன்னேன். கோவப்படக் கூடாது, சட்டம்."

"கோவம் இல்ல. எந்திரிக்கல. அவ்வளவுதான்."

விஜயனை யாரோ எழுப்பிக் கூட்டி வந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வேகமாக வந்தார். "எந்திரிடி. மானம் போகுது."

"போகட்டும்."

"அவன் பொய் சொல்லி ஒன்ன வர வச்சிருக்கான். இங்க எடம் புடிக்கிற வழக்கமே இல்ல."

"அவன் சொன்னது பொய். நான் விரிச்சது பொய் இல்ல. என்னைக் கெளப்பணும்னா மிதிச்சுட்டு வந்து கெளப்புங்க."

விஜயன் காலைத் தூக்கினார். முப்பது வருடம் மலிவான பங்க் கிளாஸில், விரித்த போர்வைகளைச் சுற்றி நடந்தே சென்னைக்குப் போய் வந்த கால் அது. போர்வை விளிம்புக்கு மேல் கொஞ்சம் நின்றது, பிறகு பின்னால் இறங்கியது.

"துணிதானே அண்ணா," என்றான் சுரேந்தர்.

"அப்ப நீ மிதி," என்றார் விஜயன்.

சுரேந்தர் மிதிக்கவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றான். போனை இறக்க மறந்திருந்தான். யோகா சொல்லித்தருகிறவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் தன் ஆட்களைப் பின்னால் தள்ளிப் பாய் போடச் சொன்னார்.

"நான் ஏமாந்தவதான்," என்றாள் சுகுணா கணவனிடம். "ஏமாந்தவளுக்குக் கடை நடத்தத் தெரியாதுங்கிறீங்க. ஏமாத்துறவன் கையில கொடுக்கலாமா?"

பிறகு சுரேந்தர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, வீடியோ போட்டுட்டியா?"

"வேணாம் அண்ணி, அழிச்சிடுறேன்."

"அழிக்காத. போடு. நடுவுல வெட்டாத. ஒங்க அண்ணன் கால் தூக்கினது, நீ சுத்திப் போனது எல்லாம் இருக்கட்டும்."

அவன் தயங்கினான். திவ்யா அவன் கையிலிருந்து போனை வாங்கி முழுசாகப் போட்டாள். சுகுணா தன் போனில் முருகையா மாமாவை அழைத்தாள். அவர் விடியுமுன் எழுகிற ஆள்.

"மாமா, சுகுணா பேசுறேன். வீடியோ பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். விஜயன் மிதிச்சானா?"

"இல்ல மாமா."

"சின்னவன்?"

"அவனும் இல்ல."

அவர் இருமிவிட்டுச் சொன்னார்: "பெரிய கெட்டிக்காரின்னு நெனச்சுக்காத. ஏமாந்துதான் போயிருக்க."

"ஆமா மாமா. நாளைக்கும் யாராவது ஏமாத்துவாங்க. அதுக்காக எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன். கடை எனக்கு வேணும். பாக்கலாம்னு சொல்லாதீங்க, இப்பவே சொல்லுங்க."

"மெஸ்ல மீன் போடுவியா?"

"தெனம் போடுவேன்."

"திங்கக்கிழமை நீ வா. அவனுங்க யாரும் வேணாம்."

அவள் போனை வைத்துவிட்டுத் தூக்கைத் திறந்தாள். திவ்யா செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து விஜயனும் கழற்றினார். போர்வையின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுகுணா அவருக்கும் ஒரு தட்டு நகர்த்தினாள்.

சுரேந்தர் இன்னும் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தான். "எனக்கு அண்ணி?"

"நீ கப்பல் சாப்பாடு சாப்பிடு," என்றாள்.