மெதுவாப் போகச் சொல்லுங்கம்மா

நாராயணப்பனின் மாருதி காருக்கு ஆயில் மாற்றித் தருவதாக மாரிசாமி தானாகத்தான் ஏற்றுக்கொண்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

ஓசூரில் அவர் வீட்டு மாடியில்தான் மனைவியோடு அவன் குடியிருந்தான். சாத்தூர்ப் பக்கத்துக்காரன், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கியர்பாக்ஸ் பூட்டும் வேலை. கீழ் வீட்டில் நாராயணப்பனும் அவர் மனைவி லட்சுமியம்மாளும் மட்டும். கெலமங்கலத்தில் இருந்த நிலத்துக்கு அவர் அந்தப் பழைய காரில்தான் போய் வருவார். பிள்ளை என்று இருப்பது சிங்காரப்பேட்டையில் கட்டிக்கொடுத்த அருணா ஒருத்திதான்.

"ஞாயித்துக்கெழம பேரனுக்குக் காது குத்துப்பா. அவ்ளோ தூரம் போவணும், ஆயில் மாத்தி நாளாச்சு. மெக்கானிக் முனிராஜ் நேரம் பாத்து ஊருக்குப் போய்ட்டான்" என்று நாராயணப்பன் சொல்லிக்கொண்டிருந்தபோது மாரிசாமி சிரித்தான்.

"இதுக்குப் போயி முனிராஜத் தேடணுமா ஐயா? நாள் பூரா இதே சோலியத்தான பாக்கேன். ஆயிலும் ஃபில்டரும் வாங்கி வைங்க. காலைல முடிச்சுத் தாரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்தி, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினான். அடியில் படுத்துப் போல்ட்டைக் கழற்ற, தார் போலக் கறுத்த ஆயில் வெட்டிய டப்பாவில் இறங்கியது. பழைய ஃபில்டர் லேசில் அசையவில்லை. மல்லுக்கட்டித் திருகியபோது சூடான ஆயில் மணிக்கட்டு வழியாக ஓடிற்று. அந்த நேரம் பார்த்து லட்சுமியம்மாள் காபியோடு வந்து நின்றார். நாராயணப்பனும் சலவை வேட்டியோடு பக்கத்தில் வந்து குனிந்தார். பார்க்க ஆள் இருந்ததும் மாரிசாமிக்குப் பேச்சு வந்துவிட்டது.

"ஆயில் ஊத்துறதுலதான் ஐயா விசயமே இருக்கு. சும்மா கவுத்துவிடக் கூடாது. வண்டி மேடு பள்ளமில்லாம நிக்கணும். ஊத்திட்டு இஞ்சின ஓட்டி, அணைச்சு, ஆயில் கீழ எறங்குற வரைக்கும் பொறுக்கணும். அப்புறம்தான் அளவு குச்சிய விட்டுப் பாக்கணும். இந்த ரெண்டு கோட்டுக்கு உள்ள நிக்கணும். கொறஞ்சாலும் கெடுதல், கூடுனாலும் கெடுதல்."

பேசியபடியே புது ஃபில்டரைக் கையால் இறுக்கினான். ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குச்சியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். மேல் கோட்டில் அச்சடித்தது போல நின்றது. வண்டியை உறுமவிட்டு அடியில் எட்டிப் பார்த்தான். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு வாசலைக் கழுவலாம் என்று பழைய ஃபில்டரை எடுத்தான். அதன் முகத்தில், ரப்பர் ரிங் இருக்கவேண்டிய பள்ளம் வெறுமையாக இருந்தது.

டப்பாவிலிருந்த கறுப்பு ஆயிலுக்குள் கையை விட்டுத் துழாவினான். அடிவரை தடவினான். ரிங் இல்லை. அது இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது; அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரைப் பூட்டியிருக்கிறான். ரிங் மேல் ரிங். வாசலில் நிற்கும்போது தாங்கும். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்து அழுத்தம் கூடினால் பிதுங்கும். பிதுங்கினால் ஊற்றிய ஆயில் முழுவதும் ரோட்டில்தான்.

கையைக்கூடத் துடைக்காமல் செல்போனை எடுத்தான். லட்சுமியம்மாள்தான் பேசினார்.

"சொல்லு மாரி! அவரு ஓட்டினு இருக்காரு. வண்டி என்னமா போவுது தெரியுமா? சத்தமே இல்லப்பா. உன்னப் பத்தித்தான் பேசினு வரோம். அருணாகிட்டகூட இப்பதான் போன்ல சொன்னேன், பையன் இல்லாத கொறைக்கு மேல் வீட்ல ஒருத்தன் இருக்கான்னு. எதுக்குப்பா பண்ண?"

வாய்க்குள் வார்த்தை தயாராக இருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்க என்றால் போதும். ஏன் என்று கேட்பார். காலையில் அத்தனை பாடம் நடத்தியவன் அதற்குப் பதில் சொல்லவேண்டும்.

"ஒண்ணுமில்லம்மா. மெதுவாப் போகச் சொல்லுங்க."

"ஆவட்டும்பா."

மறுபடி கூப்பிட்டிருக்கலாம். ஒருவேளை தாங்கிவிடும், போய் வந்த பிறகு தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தான். மனம் நிலைகொள்ளவில்லை. கடைசியில் பைக்கை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி ரோட்டில் விரட்டினான்.

சூளகிரி தாண்டியதும் தாரின் மேல் ஈரக் கோடு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனான். கோடு முடிந்த இடத்தில் கார் நின்றது. நாராயணப்பனின் சலவை வேட்டியெல்லாம் ஆயில். லட்சுமியம்மாள் தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பேரனின் காதில் போடவேண்டிய தோடு அதில்தான் இருந்தது.

"பாத்தீங்களா, வந்துட்டான்!" என்றார் கணவரிடம். "அவனுக்கு என்னமோ மனசுல பட்டிருக்குது. அதான் போன் பண்ணான்."

நாராயணப்பன் குற்றவாளி போலப் பேசினார். "செகப்பு லைட்டு எரிஞ்சுதுப்பா. நேரமாவுதே, பழைய வண்டில எதுனா எரியும்னு ஓட்டிட்டேன். கடகடன்னு சத்தம் வந்துது, அப்படியே நின்னுடுச்சு."

மாரிசாமி அடியில் படுத்துப் பார்த்தான். ஃபில்டரின் விளிம்பில் ரிங் பிதுங்கித் தொங்கிற்று. இழுத்து எடுத்துக்கொண்டு வந்தான்.

"என் தப்புத்தான் ஐயா. பழைய ரிங்கு இஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. பாக்காம மாட்டிட்டேன்."

நாராயணப்பன் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, வுடு. தெரிஞ்சா செஞ்ச?"

மாரிசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

அவர்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் கடந்துவிட்டது. தாய்மாமன் இல்லாத பிள்ளையைத் தாத்தா மடியில் வைத்துத்தான் காது குத்துவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் மடியில், யாரிடமோ வாங்கிய கம்பியைப் போட்டுக் குத்தி முடித்திருந்தார்கள்.

இஞ்சினை முனிராஜின் ஷெட்டில் இறக்கினார்கள். வாரக் கடைசிகளில் மாரிசாமி அங்கே போய்ச் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தான். நாராயணப்பனும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்களிடமெல்லாம், "லைட்டு எரிஞ்சப்பவே நிறுத்தியிருந்தா இஞ்சின் தப்பிச்சிருக்கும். எம்மேலதான் தப்பு" என்பார். மாரிசாமி தலையைத் தூக்காமல் கழுவிக்கொண்டிருப்பான். வீட்டிலோ லட்சுமியம்மாள் வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் அந்த போனைப் பற்றியே சொன்னார். சாப்பிட உட்காரும்போது கீழேயிருந்து அந்தக் குரல் கேட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மனைவி காவேரி என்னவென்று கேட்டால் எரிந்து விழுந்தான்.

ஒரு நாள் அருணா குழந்தையோடு வந்திருந்தாள். அவனைக் கீழே கூப்பிட்டு, "அண்ணா, அன்னிக்கு நீங்க போகலன்னா அப்பாவும் அம்மாவும் ரோட்லயே தவிச்சிருப்பாங்க" என்றாள். குழந்தையின் காதில் இப்போது அந்தத் தோடு மின்னியது. ஒரு காது இன்னும் புண் ஆறாமல் சிவந்திருந்தது.

"இல்ல தாயி" என்றான் மாரிசாமி. பிறகு லட்சுமியம்மாளைப் பார்த்தான். "அம்மா, போன் பண்ணும்போதே எனக்குத் தெரியும். ரிங்கக் காணோம்னு பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன். நீங்க பெருமையாப் பேசவும் சொல்ல வாய் வரல."

லட்சுமியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. "அப்ப வண்டி சூளகிரிகூடப் போவலியேப்பா" என்றார் மெல்ல. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாரே."

நாற்காலியில் இருந்த நாராயணப்பன் கத்தவில்லை. "லைட்டப் பாத்தும் ஓட்டினேனேன்னு நான் தூக்கமில்லாம கெடக்கறேன். அந்த ஷெட்ல நீ எம் பக்கத்துலதான உக்காந்தினு இருந்த, மாரி?"

அருணா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தான். யாரும் சொல்லவில்லை. லட்சுமியம்மாள் படியில் எதிர்ப்பட்டால் காவேரியைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டுப் போனார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். ஓரளவு இறங்கத்தான் செய்தது; ஆனால் அந்தப் பாரம் கீழ் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

இஞ்சின் தயாரானதும் நாராயணப்பன் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். மாரிசாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஏறு" என்றார். கெலமங்கலம் ரோட்டில் பாதி தூரம் போனார்கள். ஒரு டீக்கடையில் நிறுத்தி இரண்டு டீ வாங்கி, ஒன்றை அவன் கையில் கொடுத்தார்.

"ஐயா..." என்று ஆரம்பித்தான்.

"கோவம் இருக்குதுப்பா. இல்லன்னு சொல்ல மாட்டேன். டீயக் குடி, ஆறிடும்."

அவன் குடித்தான். நாக்கு சுட்டது. ஊதிக் குடிக்கக்கூடத் தோன்றாமல், அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தான்.