ஒரு மணி நேரமானாலும் சரி

1

இந்தக் கதை என் நாத்தனாரின் வாயிலிருந்து விழுந்தது. அவள் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்.

"இனிமே வீடு வீடா போய் வருமானம் கேக்கப் போறதில்ல அண்ணி. சம்பளப் பதிவு, வரிப் பதிவு எல்லாம் இருக்கே, அதையே எடுத்துக்குவோம். கேட்டா ஜனங்க பாதியை மறந்துடறாங்க, மீதியை மறைச்சுடறாங்க."

குடும்பக் கதை எழுதுகிறவளிடம் சொல்லும் பேச்சா இது? மறந்ததும் மறைத்ததும்தானே என் பிழைப்பு!

2

முதல் வரி: 'அவள் கணவன் பொய் சொன்னான்.'

(வேண்டாம். இரண்டாம் வரியிலேயே பெட்டியைக் கட்டிவிடுவாள்.)

வேறு: அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். அவள் கண்ணில் தப்பு தப்பாது.

(இது இருக்கட்டும்.)

வீடுகளில் சொன்ன வருமானத்தையும் பதிவிலுள்ள வருமானத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சல்லடையின் வேலை. பெயர், முகவரி எல்லாம் நீக்கிய கோப்பு. 612ஆம் வரிசையில் நின்றாள். கணவன் மட்டும் வீட்டில் இருந்து பதில் சொல்லியிருக்கிறான்: ஒரே வேலை, பள்ளியில் ஓவிய ஆசிரியர். பதிவிலோ இரண்டு வேலை. இரண்டாவது ஒரு கேக் கடை, சனிக்கிழமைச் சம்பளம்.

குறிப்புக் கட்டத்தில், கணக்கெடுக்கப் போன பெண் அவன் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தாள்: 'சந்தேகம்னா என் பொண்டாட்டியைக் கேளுங்க. உங்க ஆபீஸ்தான். சல்லடைன்னா தெரியும்.'

(பெயரை நீக்கும் இயந்திரத்துக்குப் பட்டப்பெயர் தெரியாது.)

3

சனிக்கிழமைதோறும் அவன் பேட்மிண்டன் ஆடப் போகிறவன். ஒரு வருடமாக வியர்வை வாடையில்லை, வெனிலா வாசனைதான். சோப்பை மாற்றிவிட்டான் என்று நினைத்திருந்தாள், சல்லடை!

தெரிந்தவர் வரிசை வந்தால் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. எதிர்மேசைக்காரரிடம் கொடுத்தாள்.

"என்ன சல்லடை, தெரிஞ்சவங்களா?"

"தூரத்துச் சொந்தம் சார்."

"எவ்வளவு தூரம்?"

"இன்னிக்குக் காலைல வரைக்கும் பக்கத்துலதான் இருந்தாங்க."

கோப்பில் கண்டதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமலிருந்தால், அடுத்த சனிக்கிழமை "நல்லா ஆடினீங்களா?" என்று கேட்கும்போது அவளும் பொய்க்காரி. பதினோரு வருட வாழ்க்கையில் அவள் அந்த வீட்டுக்குள் பொய் கொண்டுபோனதில்லை.

4

இங்கே எனக்கே அவன்மேல் சந்தேகம். கடனா? (எல்லாக் கதையிலும் கடன்.) இன்னொருத்தியா? (என் வாசகிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.) கேக் மேல் க்ரீமால் பூப் போடுவது பிடித்துப்போய், ஓவிய ஆசிரியன் சொல்ல வெட்கப்பட்டு...

பாதியில் விட்டுவிட்டேன். பதிவைக் கேட்டால் தொகை சொல்கிறது, தேதி சொல்கிறது. 'ஏன்' என்று ஒரு கட்டமே அதில் இல்லை.

5

சனிக்கிழமை மாலை. அவன் மட்டையைச் சுவரில் சாய்த்தான். சாப்பாட்டு மேசையில் அவள் பழைய கேள்விப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இது?"

"குப்பைக்குப் போற படிவம். கடைசியா ஒரு வீட்லயாவது கேட்டுப் பாக்கலாம்னு."

"எங்கிட்டதான் போன வருஷமே கேட்டாச்சே!"

"நான் கேக்கலையே."

வீட்டில் எத்தனை பேர், என்ன வயது என்று வரிசையாகக் கேட்டாள். வயதில் இரண்டைக் குறைத்தான், அவள் திருத்தினாள். பிறகு வாசித்தாள்: "கடந்த ஏழு நாட்களில் சம்பளத்துக்காக ஏதாவது வேலை செய்தீர்களா? ஒரு மணி நேரமானாலும் சரி."

சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினான்.

"இது ஆபீஸ் கேள்வியா, வீட்டுக் கேள்வியா?"

அவள் பேனாவை மூடினாள். "வீட்டுக் கேள்விங்க."

அவன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டான். "அப்ப படிவத்தைத் தள்ளி வை. ஒரு வரில அடங்காது."

6

எனக்கோ மிச்சமிருப்பது ஒரு வரிதான். மூன்று முடிவு எழுதி மூன்றையும் கிழித்துப்போட்டேன். மூன்றிலும் நானேதான் பேசிக்கொண்டிருந்தேன், அவனைப் பேசவிடவில்லை.

இந்தாருங்கள் பேனா. ஊகித்து எழுதாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் வாசனையோடு வருவார். அவரைக் கேட்டு எழுதுங்கள்.

பதில்: ____________________