திருடனின் வெறும் வயிறு

டாக்டரம்மா சொன்னது இரண்டு வழி. லிஃப்ட் மெக்கானிக்கின் காதில் ஏறியது ஒன்றுதான்.

திருடனின் கணையத்தில் கட்டி. திருடன் என்றால் ஆள் அல்ல. வீட்டுக் காலுறைகளையெல்லாம் சோபாவுக்கு அடியில் பதுக்கும் வளர்ப்புப் பிராணி, ஃபெர்ரெட். பார்வைக்குக் கீரியின் ஒன்றுவிட்ட தம்பி. அந்தக் கட்டி ரத்தத்தில் சர்க்கரையைக் கிடுகிடுவென்று இறக்கிவிட, திருடன் நின்ற இடத்திலேயே துவண்டு விழுந்திருந்தது. அறுத்தால் இரண்டு வருஷம்கூட இருக்கலாம்; மேசையிலேயே போனாலும் போகலாம். மாத்திரை என்றால் கட்டி அப்படியே இருக்கும். நேரம் தவறாமல் ஊட்டினால் சில மாதம் ஓடும்.

பழுதை உள்ளே வைத்துக்கொண்டு ஓட்டுகிற பேச்சே கிடையாது என்று மெக்கானிக் அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் மனைவி, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னாள்:

"லிஃப்டுன்னா கரண்டை அணைச்சுட்டுப் பிரிப்பீங்க. இதை எப்படிங்க அணைப்பீங்க?"

அதற்குத்தான் மயக்க மருந்து என்று வெட்டினார். ஊட்டுகிற வேலை உனக்கும் மிச்சம் என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

"என்னைச் சாக்குச் சொல்லாதீங்க" என்று அவள் தையல் மெஷினை மிதித்தாள்.

ஆபரேஷன் நாள் வந்தது; அதற்கு முன் சில மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். காவலுக்கு மெக்கானிக். துவண்டால் ஈறில் தேன் தடவி உடனே தூக்கி வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

துவண்டது. தடவினார். கண் திறந்தது.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் திருடன் தள்ளாடியபடி காலிக் கிண்ணத்துக்குப் போய் அதை நக்கியது. பிறகு அவரை அண்ணாந்து பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. போடுவார் என்ற நம்பிக்கை மட்டும்தான். இரண்டு வருஷம் என்பது அவர் போட்ட கணக்கு. திருடனுக்குத் தெரிந்தது இந்தக் கிண்ணம்தான்.

கறியை மசித்துப் போட்டார்.

பின்னால் மனைவி வந்து நின்றது அவருக்குத் தெரியும். திரும்பாமலே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அவர் கடிந்துகொள்ளவில்லை, வேறு நாள் குறிக்கட்டுமா என்று மட்டும் கேட்டார்.

"வேணாம் டாக்டர். மாத்திரையே எழுதிக் கொடுங்க."

போனை வைத்ததும் மனைவி மெதுவாகக் கேட்டாள். "சீக்கிரம் போயிடுமேங்க?"

"போகும்."

திருடன் அவர் மடியில் ஏறிச் சுருண்டு, அடித்துப் போட்டாற்போல் தூங்கியது. தூக்கமா, மயக்கமா? விலாவில் விரல் வைத்துப் பார்த்தார். சற்று நேரம் கழித்து மறுபடியும் வைத்துப் பார்த்தார்.