இனியாவுக்கு ஒரு மடி

மார்கழியில் கல்யாணம் கிடையாது. விருத்தாசலத்து மண்டபங்கள் எல்லாம் ஒரு மாதம் காற்று வாங்கிக்கொண்டு கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கார்முகில் ஒரு மண்டபத்தைப் பேசிப் பிடித்தாள். வாழைமரம் கட்டும் தூணில் பேனர் கட்டியிருந்தது: குடும்ப வரலாறு தேடுவோர் வட்டம், வம்சாவளி நாள், அனைவரும் வருக. வருக என்று போட்டதைப் படித்துவிட்டுப் பந்தி உண்டா என்று எட்டிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். சுண்டலும் டீயும்தான் என்று தெரிந்து பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள்.

கார்முகில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவள். இரண்டு வருடமாக மாதத்தின் முதல் ஞாயிறு சென்டர் மாடியில் வகுப்பு வைத்திருக்கிறாள். வயசானவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது, கல்லறையில் எழுதியிருப்பதை எப்படிப் படித்து எடுப்பது, பழைய கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் வரிசையை வைத்து உறவை எப்படிப் பிடிப்பது, எல்லாம் சொல்லித் தருவாள். ஆரம்பத்தில் ஜாதகம் பார்க்கும் இடம் என்று நினைத்து வந்தவர்கள்தான் அதிகம். வந்தவர்களில் பாதி தங்கிவிட்டார்கள் என்றால், அது அவளுடைய வாய் சாமர்த்தியம்.

பிரபா ஜாதகம் பார்க்க வரவில்லை. அவளுக்கு ஓர் அண்ணன் வேண்டியிருந்தது.

பிரபாவின் மகள் இனியாவுக்கு வயது மூன்று. காது இன்னும் குத்தவில்லை. ஒன்றில் குத்தியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டாகிவிட்டது. மூன்றையும் விட்டால் ஐந்துதான், இரட்டைப்படை வயதில் குத்தமாட்டார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பிரபா ஒற்றைப் பெண். அம்மா பெரியநாயகி இறந்து வெகு காலம் ஆகிறது, அப்பா மாயவனும் போய்விட்டார். மாமியாருக்கு இது வசதியாகப் போயிற்று. "மடியே இல்லாம காதுகுத்தா? எங்க வூட்டுல அப்பிடி ஒரு வழக்கம் இல்ல" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரபா வேலை செய்யும் தொழிற்பேட்டையில், ஃபியூஸ் போடும் பீங்கான் கட்டைகளின் பிசிறைத் தேய்த்துக்கொண்டே இதை நினைத்து நினைத்து அவளுக்கு வயிறு எரியும்.

உண்மையில் மடி இல்லாமல் இல்லை. அப்பா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாய் திறந்திருக்கிறார். பெரியநாயகியைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து சூளை வேலையில் சேர்வதற்கு முன்னால் அவருக்குப் பெண்ணாடம் பக்கம் ஒரு குடும்பம் இருந்தது. அங்கே ஒரு பையன் உண்டு. தன்னுடைய அப்பா பெயர் கோவிந்தராசு, குலதெய்வம் பூவரசடி வீரன் என்றும் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டால் "அங்க போயி நிக்காத" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவர் போன பிறகு பிரபா இரண்டு தடவை பெண்ணாடம் போய் விசாரித்தாள். டீக்கடையில் ஒருவர், "மாயவனா? அந்தப் பேருல ஒருத்தரு இருந்தாரு. நான் ஸ்கூலுக்குப் போறப்பவே செத்துட்டாரே" என்றார். பிரபாவின் அப்பா இறந்தது 2011. டீக்கடைக்காரருக்கோ நாற்பது தாண்டியிருந்தது. அது வேறு மாயவன் என்று முடிவுகட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் வகுப்பு. அங்கே கார்முகில் சொன்ன ஒரு விஷயம் அவளுக்கு நம்பிக்கை கொடுத்தது. வெள்ளைக்காரன் வம்சத்தைக் குடும்பப் பெயர் வைத்துத் தேடுவான், நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. ஆனால் குலதெய்வம் மாறாது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். ஆகவே வம்சாவளி நாளில் எல்லாரும் எழுதி வரும் வம்ச சார்ட்டுகளைக் குலதெய்வ வரிசைப்படிதான் கயிற்றில் மாட்டுவது என்று ஏற்பாடு. விஷயம் வாட்ஸ்அப்பில் நல்லூர், வேப்பூர், பெண்ணாடம் வரைக்கும் போயிருந்தது.

காலையில் சார்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பிரபா வெகுநேரம் மாட்டாமல் நின்றாள். கணவன் திருமால் இனியாவைத் தோளில் வைத்துக்கொண்டு, "எழுதுனது எழுதியாச்சு, மாட்டு" என்றான். மாட்டிவிட்டு இனியாவுக்குச் சுண்டல் வாங்கப் போனாள். திரும்பி வரும்போது அவள் சார்ட்டின் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் இன்னொரு சார்ட் தொங்கியது. மேலே பூவரசடி வீரன் துணை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஆறு தலைமுறை, கோடு ஒன்றுகூடக் கோணவில்லை. அதில் ஓர் இடத்தில் கோவிந்தராசு, அவர் மகன் மாயவன், மறைவு 1985. மாயவனுக்குக் கீழே ஒரே மகன், தாத்தா பெயரையே வைத்த இன்னொரு கோவிந்தராசு. பிரபாவின் சார்ட்டில் மூன்றே வரி. கோவிந்தராசு, அவர் மகன் மாயவன், மறைவு 2011, மகள் பிரபா, பிறப்பு 1988.

"செத்து மூணு வருசம் கழிச்சிப் புள்ள பெத்திருக்காரேய்யா!" என்றார் ஒருவர். மறுபடி சிரிப்பு.

சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, ஐம்பதை நெருங்கும் வயது. சிவப்பு மைச் சார்ட் அவருடையது, அதில் மாயவனின் மகன் கோவிந்தராசு அவர்தான். பெண்ணாடம் பக்கம் கரும்பு வைத்திருப்பவர். குலதெய்வக் கோயில் திருப்பணிக்காக மூன்று வருடம் ஊர் ஊராகப் பங்காளிகளைத் தேடி அலைந்து அந்தச் சார்ட்டை முடித்திருந்தார். அதில் ஒரு பிழை இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் சுண்டிவிடும்.

"இதை யாரும்மா எழுதுனது?" என்றார்.

"நான்தாங்க" என்றாள் பிரபா. அந்த ஆளின் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது புருவம் பாதியில் மேலே ஏறி நின்றது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் ஏறும்.

"பேரெல்லாம் எங்களுது மாதிரியே இருக்குது. எங்கியாவது பாத்து எழுதிட்டியா? எங்கப்பாவுக்கு நான்தான் எட்டு வயசுல கொள்ளி வச்சேன். மொட்ட அடிச்சாங்க. எனக்குத் தெரியாதா எந்த வருசம்னு?"

கார்முகில் ஓடிவந்தாள். வம்சாவளி நாளில் சண்டை வந்தால் அடுத்த வருடம் மண்டபம் கிடைக்காது என்ற கவலை அவளுக்கு. "ஒரு வருசம் தப்பாயிருக்கும்ங்க. யாராவது ஒருத்தங்க திருத்திட்டாப் போச்சு" என்று ஸ்கெட்ச் பேனாவை நீட்டினாள். இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் நீட்டினாள். ஆனால் ஆறு தலைமுறைக்காரரிடம் போய்த் திருத்துங்கள் என்று யாரால் சொல்ல முடியும்? பேனா பிரபா பக்கம் வந்து நின்றது.

திருமால் அவள் காதோரம், "அடிச்சிடு பிரபா. எதுக்கு வம்பு? இன்னொரு நாளைக்கிப் பேசிக்கலாம்" என்றான்.

பிரபா பேனாவை வாங்கினாள். 2011ஐ அடித்து 1985 என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதை எழுதினால் கீழே இருக்கும் பிரபாவையும் அடிக்க வேண்டும், அதற்கும் கீழே இன்னும் எழுதாமல் விட்டிருக்கும் இனியாவையும். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூடியைத் திறக்காமலே பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் எண்பத்தெட்டுல பொறந்தவங்க. எங்கப்பா ரெண்டாயிரத்துப் பதினொண்ணுலதான் செத்தாரு. என்னால மாத்த முடியாது."

செல்போனை எடுத்து ஒரு படத்தைத் தேடி அவரிடம் நீட்டினாள். சூளை வாசலில் பனியனோடு, தலைத்துண்டோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கிழவர். கோவிந்தராசு வாங்கிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். மறுபடி சின்னதாக்கினார். சுற்றி நின்றவர்கள் படத்தையும் பார்த்தார்கள், அவர் முகத்தையும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கார்முகில் கூட்டத்தை நைசாகச் சுண்டல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவளைப் பாராட்டலாம்.

கோவிந்தராசு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தார். செல்போன் அவர் கையிலேயே இருந்தது.

"ரெண்டே பேருதான் தூக்கிக்கிட்டு வந்தாங்க" என்றார் திடீரென்று.

பிரபாவுக்குப் புரியவில்லை.

"பாடையச் சொல்றேன். மேல துணி போத்தியிருந்தது. மொகத்தக் காட்டமாட்டேன்னுட்டாங்க. வெளியூருல செத்துட்டாரு, பாக்கக் கூடாதுன்னாங்க. ரெண்டு பேரு, ஆளுக்கு ஒரு பக்கமா, கரும்புக் கட்டு மாதிரி சாதாரணமாத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. இத்தினி வருசத்துல எனக்கு அது தோணவே இல்ல பாரு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வைக்கோலு. தல முழுகியிருக்காங்க."

வேற்று சாதிப் பெண்ணோடு போய்விட்டவனைச் செத்தவனாகக் கணக்கு வைத்து, வைக்கோலில் ஆள் செய்து கொளுத்தி, குளித்துவிட்டு வந்து சாப்பிடுவது அந்தப் பக்கம் நடக்காத விஷயம் அல்ல. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். அப்புறம் சொல்ல வேண்டியவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, பொம்மைச் சாவே நிஜச் சாவாகிவிடும். மூன்று வருடம் பங்காளி வீடுகளில் ஏறி இறங்கினாரே, அத்தனை பேரில் ஒருவருக்காவது வாய் வரவில்லையே என்பதுதான் கோவிந்தராசுவுக்கு ஆறவில்லை.

"ஊருக்கே தெரிஞ்சிருக்குது. என்னைத்தான் முட்டாளாக்கிட்டாங்க. வருசா வருசம் படையல் போடறேன், அவரு இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துகிட்டு இருந்திருக்காரு. எங்கம்மா சாவுற வரைக்கும் பொட்டு வச்சதில்ல, தெரியுமா?"

பிரபாவின் அம்மா காலணா அளவுக்குப் பொட்டு வைத்திருப்பாள். அது இப்போது பிரபாவின் கண்முன் வந்து நின்றது. தன் தப்பு இல்லை என்று தெரிந்தும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதரிடம் போய் மடி கேட்கவா வந்தோம் என்று தோன்றியது. கேட்க வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

"கரும்பு சீசனுக்கு சீசன் ஒருக்கா பெண்ணாடம் போவாருங்க. மில்லுக்கு எதிர்ல நின்னு டிராக்டருங்களப் பாத்துட்டு வருவாரு. ஏன் போறீங்கன்னு கேட்டா, சும்மாதான்னுவாரு."

கோவிந்தராசு நிமிர்ந்தார். "எந்த வருசம்?"

"சாவுற வரைக்கும் போனாருங்க."

"தொண்ணூத்தெட்டுலருந்து நான் அந்த வரிசையில டிராக்டரோட நிக்கிறேன்" என்றார். துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திட்ட வேண்டிய ஆளை நினைத்து அழும்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு ஆத்திரம் வேறு. திருமால் டீ வாங்கி வந்து கொடுத்தான். பாதி குடித்து வைத்துவிட்டு அவர் கேட்டார்.

"கொள்ளி யாரு வச்சது?"

"நான்தாங்க. வேற ஆளு இல்ல. பொம்பள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னாங்க. நான் கேக்கல."

"எத்தினி பேரு தூக்கினாங்க?"

"நாலு பேருங்க. அவரோட சூளையில வேல செஞ்சவங்க. பாதி வழியில தோளு மாத்த இன்னும் நாலு பேரு கூட வந்தாங்க. அப்பா நல்ல கனம்."

அவர் தலையை ஆட்டினார். அது அவருக்கு ஏதோ ஆறுதலாக இருந்தது போலும். எழுந்து போய்த் தன் சார்ட்டின் முன்னால் நின்றார். கார்முகிலைக் கூப்பிட்டுப் பேனாவை வாங்கி, 1985ஐ அழுத்தி அடித்தார். அத்தனை சுத்தமான சார்ட்டில் அந்த ஓர் அடித்தல் அசிங்கமாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் 2011 என்று எழுதினார். தன் பெயருக்குப் பக்கமாக ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றார்.

"உம் பேரென்னம்மா சொன்ன?"

"பிரபா."

எழுதினார். அதற்குள் இனியா சுண்டல் கையோடு ஓடிவந்து அந்த வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிரபா பதறிப் பிள்ளையை இழுக்கப் போனாள். கோவிந்தராசு குனிந்து இனியாவைப் பார்த்தார். அவள் காதுகளைப் பார்த்தார்.

"இன்னும் குத்தலியா?"

"இல்லீங்க" என்றாள் பிரபா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்று வருடம் உறவு தேடி அலைந்த மனிதர். பிள்ளை வயதையும் குத்தாத காதையும் பக்கத்தில் அண்ணன் தம்பி யாரும் இல்லாமல் நிற்கும் தாயையும் வைத்து ஒரு கணக்குப் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பேனா மூடியை நிதானமாக மூடினார்.

"தையிலயா வச்சிருக்கீங்க?"

"தேதி குறிக்கலீங்க."

"எதுக்கு 'ங்க' போடற? அண்ணேன்னு கூப்புடு" என்றார் எரிச்சலாக. எரிச்சல் யார் மேல் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. "தை முழுக்க கரும்பு வெட்டு. மாசியில வை. நான் வந்துடறேன்." பிறகு இனியாவைக் காட்டி, "அழுவாளா?" என்று கேட்டார்.

"ரொம்ப அழுவாண்ணே. திமிறுவா."

"திமிறட்டும். நான் கெட்டியாப் புடிச்சிக்கிறேன்" என்றார் கோவிந்தராசு.