யாரோ ஒருவரின் ஐந்து புள்ளி எட்டு

அன்று இருந்தவர்கள்: மூன்றாம் நாற்காலியில் குக்கோ, ஆரஞ்சு லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். நான்காம் நாற்காலியில் நியேவெஸ், பேக்கரிக்காரி. குக்கோவின் மனைவி எஸ்தோலியா, ஸ்டூலில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. நர்ஸ் பெலின்டா. டயாலிசிஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் நான். ஆஸ்பத்திரி நைட் ஷிப்டைப் பாதியில் உதறிவிட்டு இந்தப் பகல் வேலைக்கு வந்தவன். பிறகு, குக்கோவின் தலையில் ஒரு காகிதக் கிரீடம்.

ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை யாருக்குக் குறைவோ அவருக்கு எங்கள் சென்டரில் கிரீடம். டயட்டீஷியனின் யோசனை. பல்செட் வைத்தவர்களை நர்சரிப் பிள்ளைகளாக்கும் யோசனைதான். ஆனால் அத்தனை பேருக்கும் அந்தக் கிரீடம் வேண்டும்.

"அஞ்சு புள்ளி எட்டு!" என்றார் குக்கோ. "இந்த டெக்சாஸ் பள்ளத்தாக்குலயே எவனுக்கும் கிடையாது. வியாழக்கிழமை சான் அன்டோனியோ ஆஸ்பத்திரிக்குப் போறேன். கிட்னி லிஸ்ட்ல பேர் ஏறுது. அப்புறம் உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் லிஸ்டில் சேர்ப்பார்கள். அந்த எண்ணைத்தான் அவர் டிக்கெட்டாக நினைத்திருந்தார்.

"கிரீடம் சாயுது, கிழவா," என்றாள் எஸ்தோலியா. "பொய்யோட பாரம் தாங்கல அதுக்கு."

"லேப்ல குடுத்த நம்பர், பொம்பள!"

"அப்ப ராத்திரி பூரா ஐஸ்கட்டியைக் கடிக்கிறது யாரு?"

காலையில் எடை பார்த்தபோது குக்கோ நாலரைக் கிலோ அதிகத் தண்ணீரோடு வந்திருந்தார். அவருக்குச் சிறுநீர் போவது நின்று வெகுநாளாகிறது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும், மெஷின்தான் எடுக்க வேண்டும். சர்க்கரை ஏறாமல் அவ்வளவு தாகம் வருவதில்லை. ஆனால் எங்கள் சர்க்கரை மீட்டர் குறை சொல்லவில்லை. இங்கே வரும் காலைகளில் அவர் வெறும் வயிற்றோடு வருவார்.

பெலின்டா ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இந்தப் பக்கம் மூத்த ஆண்களைத் தொன் என்றும் பெண்களைத் தோன்யா என்றும் மரியாதையாக அழைப்பார்கள்.

"தொன் குக்கோ, போன மாசம் குடலிறக்க ஆப்பரேஷன்ல ரத்தம் ஏத்தினாங்களா?"

"ரெண்டு பை. ஏன்?"

"அப்ப இந்த நம்பர் உங்களோடது இல்ல."

நியேவெஸ் கண்ணைத் திறந்தாள்.

"ரத்த அணுவுல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னுதான் இந்த டெஸ்ட் பாக்குது," என்றாள் பெலின்டா. "வயசான அணுவுல நிறைய ஒட்டியிருக்கும். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு அணு சீக்கிரம் செத்துடும். புதுசு ஊற நாங்களே ஊசி போடறோம். அதனால எப்பவுமே கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். உங்க விஷயத்துல பரீட்சையில பாதியை வேற ஆள் எழுதியிருக்கான்."

நியேவெஸ் சிரித்த சிரிப்பில் அவளுடைய மெஷின் அலறியது. கையை ஆட்டாதீங்க என்று சொல்லிவிட்டு அலாரத்தை நிறுத்தினேன்.

"அந்த ரத்தம் குடுத்தவன் யாரா இருக்கும்?" என்றார் குக்கோ மெதுவாக.

"கோன்சா தின்னாதவன்," என்றாள் எஸ்தோலியா.

கோன்சா என்பது மேலே சர்க்கரை ஓடு போட்ட பன். நியேவெஸ் சட்டென்று கூரையைப் பார்த்தாள். எஸ்தோலியா அதைக் கவனித்துவிட்டாள்.

"நீதான் விக்கிறியா?"

"கடைன்னா வித்துத்தான் ஆகணும், தோன்யா. எனக்குப் பிரஷர்ல போன கிட்னி. அவருக்குச் சர்க்கரை கட்டுல இருக்குன்னு அவரே சொன்னார். கிரீடம் வேற!"

ஊசி குத்தாத கையில் சென்சார் ஒட்டலாம் என்றாள் பெலின்டா. பொத்தான் அளவு. ராப்பகலாகச் சர்க்கரையைப் போனுக்குச் சொல்லும்.

"மாட்டுக் காதுல குத்தற வில்லை," என்றார் குக்கோ. "எனக்கு வேண்டாம்."

"சரி," என்றாள் பெலின்டா. "பொய் நம்பரோட லிஸ்ட்ல ஏறுங்க. புதுக் கிட்னியையும் சர்க்கரை தின்னுடும். அதையும் அந்த ரத்தம் குடுத்தவனா வந்து தருவான்?"

குக்கோ கிரீடத்தைக் கழற்றி மனைவி மடியில் வைத்தார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினார்.

வியாழக்கிழமை போய் வந்தார். அங்கே டாக்டரும் பெலின்டா சொன்னதையே சொன்னார். மூன்று மாதம் சென்சார் கணக்கு ஒழுங்காக இருந்தால் லிஸ்ட், இல்லையென்றால் இல்லை.

சனிக்கிழமை முற்பகலில் நான் பன் வாங்க நியேவெஸின் கடையில் இருந்தேன். குக்கோ தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நுழைந்தார்.

"ஒண்ணே ஒண்ணு. மோந்து பாக்கத்தான்."

அவர் பையில் போன் கத்தியது. நியேவெஸ் கவுண்டரைச் சுற்றி வந்து அதை எடுத்துப் பார்த்தாள். இருநூற்று எழுபத்தொன்று. இன்னும் ஏறுகிறது என்று அம்பு மேல்நோக்கி இருந்தது.

"இன்னும் நான் எதையும் எடுத்தே குடுக்கல. எங்க தின்னீங்க?"

குக்கோ தட்டுகளைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல, தொன் குக்கோ?"

"கார்சா கடையில. சின்னது."

நியேவெஸுக்கு முகம் சிவந்தது. "கார்சா கடையா? டால்டாவைப் போட்டுச் சுடறானே, அந்தப் பன்னுக்கா வரப்போற கிட்னியைக் குடுக்கப் போற? என் பன்னுன்னாலும் ஒரு நியாயம் இருக்கு!"

"நியேவெஸ், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். கார்சாவுக்கும் இப்பவே போன் போடறேன். அவனோட இருபது வருஷமாப் பேசல, உனக்காகப் பேசறேன். மூணு மாசம் இந்தப் பக்கம் வராதே. வீட்டுக்குப் போய் எஸ்தோலியா குடுக்கறதைத் தின்னு."

தோளைப் பிடித்துத் திருப்பி வெளியே தள்ளினாள். சென்சார் இல்லாத தோளாகப் பார்த்துத்தான் பிடித்தாள். நான் இன்னும் உள்ளேதான் நின்றேன், கையில் பன் எடுக்கும் இடுக்கியோடு. அவள் அதைப் பொருட்படுத்தாமல் கதவைச் சாத்திப் பூட்டினாள்.