எட்டாவது பெட்டி

கார்முகில் என்று தந்தையார் ஆசையோடு இட்ட பெயரைத் தொழிற்சாலையில் ஒருவரும் முழுமையாகச் சொல்வதில்லை. அங்கே அவன் வெறும் முகில். ஒரகடத்தில் லாரிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில், வெளியிலிருந்து வந்திறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் பிரிவில் அவனுக்குப் பதினான்கு ஆண்டு அனுபவம். வயது முப்பத்தொன்பது. எந்த அட்டைப்பெட்டியானாலும் அதன்மேல் ஒட்டியிருக்கும் டேப்பை ஒருமுறை கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகே திறப்பான். மூடும்போது டேப்பின் நுனியை ஒரு விரற்கடை அளவு உட்புறமாக மடித்து ஒட்டுவான். அடுத்த ஷிப்டில் வருகிறவர் நகத்தால் சுரண்டிக்கொண்டிராமல் அந்த மடிப்பைப் பிடித்து ஒரே இழுப்பில் பிரித்துவிடலாம். அந்தப் பிரிவில் உள்ள பதினாறு பேரும் அப்படித்தான் செய்வார்கள். அது எழுதிவைத்த விதியன்று. ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உபகாரம். வீட்டில் பருப்புப் பொட்டலத்தை ஒட்டினாலும் நுனியை மடிக்காமல் அவன் கை ஓயாது.

காலை ஐந்தரை மணிக்குப் பன்னுவை வெளியே அழைத்துச் சென்று வருவான். ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ். பன்னு என்பது அவர்கள் வீட்டு நாய். அவன் மனைவி சத்யப்பிரியா மின்னணுப் பொருள் ஆலை ஒன்றில் வேலை பார்ப்பவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில், அவள் கையிலிருந்த பன்னில் பாதியைத் தின்றுவிட்டு, மீதிப் பாதியைக் கருதி வீடுவரை கூடவே வந்துவிட்ட செவலை நிற நாட்டுநாய் அது.

அவர்கள் குடியிருந்தது நான்கு மாடிகளும் அறுபத்துநான்கு வீடுகளும் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர்களே வாடகைக்கு இருந்தார்கள். இரண்டாம் ஷிப்டு முடித்து வருகிறவர்களைக் கண்டால் பன்னு குரைக்கும். புகார்கள் சேர்ந்தன. வாடகை வீடுகளில் நாய் வளர்க்கக் கூடாதென்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவரப் பேச்சு எழுந்தது. வீட்டுக்காரரும், “சங்கத்துலேருந்து லெட்டர் வந்துச்சுன்னா நாயா வூடான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

வாலாஜாபாத் சாலையில் கால்நடை மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் ஷாரோன்தான் அதற்கு ஒரு வழி சொன்னாள். நாயைக் கண்டு அஞ்சுகிறவர்கள் அதன் திறமையை ஒருமுறை நேரில் பார்க்கட்டும் என்று, குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்திலேயே வளர்ப்பு நாய்களுக்கான மோப்பப் போட்டி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தாள். வரிசையாக வைத்த பத்துப் பெட்டிகளில் ஒன்றினுள் கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சு இருக்கும். நாய் அதைக் கண்டுபிடித்ததும் உடன் வருகிறவர் கையைத் தூக்கி “இதுதான்” என்று சொல்லவேண்டும். கயிற்றை இழுக்கக் கூடாது. ஒவ்வொரு நாய்க்கும் பெட்டிகளின் வரிசையை மாற்றி வைப்பார்கள். குறைந்த நேரத்தில் சரியாகச் சொல்கிறவருக்கு முதற்பரிசு. பரிசும் பெரிதன்று, மரத்தால் செய்த சிறிய கேடயம் ஒன்றுதான்.

பெட்டிகளைத் தருவதாக ஒப்புக்கொண்டவன் கார்முகில். ஆலையில் கழித்துப்போட்டவற்றில் நல்லவையாகப் பத்தைக் கேட்டு வாங்கி, மேற்புறத்தில் மூன்று துளைகள் இட்டு, டேப் ஒட்டி முதல்நாள் மாலையே டாக்டரிடம் சேர்த்தான். மூன்று வாரமாக வீட்டில் பன்னுவைப் பழக்கியும் வந்தான். பத்து முறை ஒளித்துவைத்தால் ஆறு முறை சரியாகச் சொல்லும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கச் செயலாளர் ராஜசேகர் நாற்காலிகளைப் போடச் சொல்லிக்கொண்டே அவனருகில் வந்தார்.

“முகில், இன்னிக்கு எப்படியாவது பேர் வாங்கிடுப்பா. வர்ற ஞாயித்துக்கெழம மீட்டிங்ல பேசறதுக்கு எனக்கும் ஒரு பாயிண்ட் வேணும்ல? சும்மா பாவம் நாயின்னு சொன்னா எவன் கேப்பான்?”

ஆறு நாய்கள் போட்டிக்கு வந்திருந்தன. தங்கள் முறை வரும்வரை யாரும் பார்க்கக் கூடாதென்று எல்லாரையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். அங்கே ஏகப்பட்ட கலகலப்பு. பி பிளாக்கில் தனியாக இருக்கும் கிளியம்மாள், ஆலை ஒன்றின் கேன்டீனில் காய் நறுக்குகிறவள், தன் கொழுத்த கறுப்பு நாயைக் காலுக்கடியில் உட்காரவைத்துக்கொண்டு அனைவரையும் வம்புக்கிழுத்தாள்.

“இவன் பேரு டைகரு. தீவாளிக்கு மூணு நாளு கட்டிலுக்கடியில பூந்துக்கினு வரவே மாட்டான். இவன நம்பி நான் போட்டிக்கு வந்துகீறேன் பாரு!”

முதலில் போன லாப்ரடார் நாலாவது பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாய் பார்வையாளர்களின் முறுக்குப் பொட்டலத்தைத்தான் கண்டுபிடித்தது. மூன்றாவதாகக் கார்முகிலை அழைத்தார்கள்.

வரிசையின் முன் நின்றபோதுதான் அது அவன் கண்ணில் பட்டது. ஒன்பது பெட்டிகளில் டேப்பின் நுனி அவன் மடித்தபடியே மடிந்திருந்தது. எட்டாவது பெட்டியில் மட்டும் மடிப்பு இல்லை. பல்லால் கடித்து அறுத்ததுபோல் நுனி கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. பஞ்சை வைப்பதற்காக டாக்டர் பிரித்து மறுபடி ஒட்டிய பெட்டி அதுதான் என்பதை விளங்கிக்கொள்ள அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. தேடிப் பார்க்கவில்லை என்று பிற்பாடு அவன் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். உண்மைதான்; தேடவில்லை. ஆனால் கண்ணை வேறுபக்கம் திருப்பவுமில்லை.

பன்னு முதல் இரண்டு பெட்டிகளைத் தாண்டிற்று. மூன்றாவதில் நின்றது. மூக்கைத் துளையில் வைத்து நெடுநேரம் இழுத்து மோந்தது. பிறகு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. வீட்டில் அது சரியாகக் கண்டுபிடிக்கும்போதும் இப்படித்தான் பார்க்கும், தவறும்போதும் இப்படித்தான்.

அவன் நினைவில் வீட்டுக்காரரின் குரல் வந்தது. மணிக்கட்டைச் சற்றே திருப்பினான், அவ்வளவுதான். கயிறு ஒரு சாண் அளவு இறுகியது. பன்னு நகர்ந்தது. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவதில் அவன் கால்கள் நின்றன, கயிறு தளர்ந்தது. பன்னு பெட்டியை மோந்துகூடப் பார்க்காமல் அவன் முகத்தை நோக்கியபடி உட்கார்ந்தது.

“இதுதான்” என்று கையைத் தூக்கினான்.

நாற்பத்தொரு நொடி. எல்லாரும் கைதட்டினார்கள். முன்பு புகார் எழுதிய சி பிளாக்குக்காரர்கூட எழுந்து நின்று தட்டினார்.

கடைசியாக வந்த டைகர் அவசரமே படவில்லை. பத்துப் பெட்டிகளையும் ஒன்றுவிடாமல் மோந்தது. பத்தாவதிலிருந்து திரும்பி வந்து, அப்போது ஐந்தாவது இடத்துக்கு மாற்றி வைக்கப்பட்டிருந்த அந்தக் கோணல் டேப் பெட்டியின்மேல் மூக்கை அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றது. கிளியம்மாள் கயிற்றைத் தரையில் புரளவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தான்றான், நான் இன்னா பண்றது?” என்றாள். ஐம்பத்தெட்டு நொடி. மற்ற நான்கு நாய்களும் தவறிவிட்டதனால் டைகர் இரண்டாவது.

கேடயம் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஏறியது. திங்கட்கிழமை அவன் அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான். மாலையில் பார்த்தால் நேராக இருந்தது. சத்யப்பிரியா திருப்பியிருப்பாள்.

செவ்வாயன்று ஆலையிலிருந்து நேரே டாக்டரிடம் போனான். சொல்லிவிடுவது என்றுதான் போனான். அவள் ஒரு பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டே, “வாங்க முகில் சார்! நீங்க பெட்டி தரலன்னா இந்தப் போட்டியே நடந்திருக்காது. எவ்ளோ நீட்டா ஒட்டியிருந்தீங்க!” என்றாள். அந்தப் பாராட்டு கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. “குடல்பூச்சி மாத்திரை வேணும் டாக்டர்” என்று சொல்லி, வீட்டில் ஏற்கெனவே இரண்டு பட்டை இருக்கும் மாத்திரையையே வாங்கிக்கொண்டு திரும்பினான்.

புதன்கிழமை இரவு, சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஞாயிறன்று நிறைவேற்றப்போகும் தீர்மானத்தின் வரைவை ராஜசேகர் போட்டிருந்தார். பயிற்சி பெற்று, போட்டியில் முதலிடம் பெற்ற நாயை மட்டும் வாடகை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மற்ற நாய்களை மாதக் கடைசிக்குள் அகற்றிவிட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களில் நாய் வைத்திருந்தவர்கள் இருவரே; போட்டிக்கு வந்த மற்ற நான்கும் சொந்த வீட்டுக்காரர்களின் நாய்கள். பன்னு இருக்கலாம் என்றால் போகவேண்டியது டைகர் ஒன்றுதான்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கையில் கிளியம்மாள் வந்து சேர்ந்தாள்.

“இன்னா வாத்யாரே, ஷீல்டு வாங்கினதும் ஏறெடுத்தே பாக்க மாட்டேன்ற?”

“அதெல்லாம் இல்லக்கா.”

“சும்மா கலாய்ச்சேன்பா. மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?” என்று சிரித்தாள். பிறகு கைப்பையின் காதை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: “டைகர வாலாஜாபாத்துக்கு இட்டுனு போயிடலாம்னு கீறேன். பொண்ணு வூட்டுல மாட்டுக்கொட்டாயில கட்டிப் போட்டுக்கறேன்னாங்க. இன்னிவரிக்கும் அவன் கட்டிக் கெடந்ததில்ல. கத்துவான். ரெண்டு நாளு கத்திட்டு அடங்கிடுவான்.”

“தீர்மானம் இன்னும் ஆவலியேக்கா.”

“ஆவறதுக்கு இன்னா கீது? ஜெயிச்சது இருக்கலாம், தோத்தது கெளம்பணும். நியாயந்தானே? உன் பன்னு கெட்டிக்காரி, டக்குனு சொல்லிட்டா. எங்காளு ரேஷன் கடை வரிசையாட்டம் பத்துப் பொட்டிக்கும் போய் ஆஜர் குடுத்துட்டுத்தான் வந்தான். பதினேழு நொடி. அதுலதான் போச்சு.”

கார்முகில் சாலையைப் பார்த்தான். பஸ் வரும் வழியாகக் காணோம்.

“தப்பா நெனக்காதப்பா, ஒண்ணு கேக்கறேன்,” என்றாள் அவள். “அடுத்த வருசமும் டாக்டரம்மா போட்டி வெச்சாங்கன்னா அவன கூட்டியாந்து ஓட உடலாம்னு பாக்கறேன். நீ எப்படிப் பழக்கினேன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

“சொல்றேங்க்கா” என்று அவன் வாய் சொல்லிற்று. அந்தச் சொல்லோடு அன்று முழுவதும் அவன் சரக்கைச் சரிபார்த்தான். இரண்டு பெட்டிகளை இருமுறை எண்ணிவிட்டு, மேற்பார்வையாளரிடம், “இன்னா முகில், தூக்கமா?” என்று பேச்சும் வாங்கிக்கொண்டான்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் சத்யப்பிரியாவிடம் கிராம்பு டப்பியைக் கொடுத்து, வரவேற்பறையில் எங்கேயாவது ஒளித்துவைக்கச் சொன்னான். தான் சமையலறைக்குள் போய்த் திரும்பி நின்றுகொண்டான். பிறகு பன்னுவை அழைத்துவந்து, “தேடு” என்றான்.

பன்னு தேடவில்லை. சோபாவின்மேலோ செருப்பு அலமாரியின்மேலோ அதன் மூக்கு போகவே இல்லை. அவன் வலது கைமணிக்கட்டைப் பார்த்தபடி நின்றது. அவன் ஓர் அடி வைத்தால் தானும் ஓர் அடி வைத்தது. அவன் நின்றால் உட்கார்ந்து, வாலை ஆட்டி, பிஸ்கட்டுக்காகக் காத்திருந்தது. மூன்று முறை செய்தான். மூன்று முறையும் அப்படியே. மூன்று வாரம் பாடுபட்டுப் பழக்கியதை ஒரு சாண் கயிறு அழித்துவிட்டிருந்தது. இனி அது தன் மூக்கை நம்பாது. அவன் கையைத்தான் நம்பும். அந்த நம்பிக்கையோடு அது அவனை நிமிர்ந்து பார்த்தபோது, அவனால் அதன் கண்களைப் பார்க்க முடியவில்லை. கயிற்றைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அன்னிக்கு இவ மூணாவது பொட்டியில நின்னுட்டா,” என்றாள் சத்யப்பிரியா. “நீ இழுத்தே. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.”

“அன்னிக்கே ஏன் கேக்கல?”

“கேட்டா நீ உண்மைய சொல்லிடுவே. சொல்லிட்டேன்னா இவ எங்க போவா?” என்றவள் பன்னுவின் காதைப் பற்றித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எனக்கும் தூக்கம் வரலதான். ஆனா யாருக்குந் தெரியாது முகில். கிளியக்காவே ஒத்துக்கினாங்க.”

“அவங்க ஒத்துக்கினதுதான் என்னால தாங்க முடியல. டேப்பு மடிப்பப் பாத்து எட்டாவதுன்னு தெரிஞ்சுக்கினு இழுத்தவன் நான், எங்கிட்ட டியூஷன் கேக்கறாங்க, பிரியா.”

அவள் சிரிக்க முயன்றாள்; முடியவில்லை. “டேப்பப் பாத்து தெரிஞ்சுக்கினேன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. பொட்டிய நீதானே குடுத்தே? மொதல்லயே பிளான் பண்ணிட்டான்னுதான் சொல்வாங்க.”

“சொல்லுவாங்க.”

“அப்புறம் ரெண்டு நாயும் கெளம்பணும்னு எழுதுவாங்க.”

“எழுதலாம். இல்ல, ஜெயிச்ச நாய் டைகருதான்னு ஆவலாம். எது ஆனாலும் நான் பொய் சொல்லி ஆனதா இருக்காது.”

பன்னு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். அது எழுந்துபோய் ஜன்னலருகே நின்று, வழக்கம்போல் இரண்டு தடவை குரைத்தது. சத்யப்பிரியா அதை அதட்டவில்லை.

“வூட்டுக்காரரு காலி பண்ணச் சொன்னாருன்னா?” என்று கேட்டாள்.

“வேற வூடு பாப்போம். பஸ் ரூட் மாறும், அவ்ளோதான். பன்னுவ எங்கயும் உட மாட்டோம்.” கழற்றிய கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கார்முகில் சொன்னான்: “இப்போ பி பிளாக்குக்குப் போயி கிளியக்கா கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். ஞாயித்துக்கெழம மீட்டிங்ல எல்லார் எதிர்லயும் சொல்லிட்டு, ஷீல்ட டாக்டர் கிட்ட குடுத்துடறேன்.”